ஆச்சி பிறந்த வருஷமும் ஆச்சியின் பேச்சும்: நினைவு மலர் எழுதப் போகிறவருக்கு ஒரு பதில்

கோவில்பட்டியில் தொண்ணூறை ஒட்டிய வயதில் காலமான உங்கள் ஆச்சிக்கு, வருஷத் திதிக்குள் சின்னதாக ஒரு நினைவு மலர் போட வேண்டும் என்கிறீர்கள். இரண்டு இடத்தில் முட்டி நிற்கிறீர்கள். ஆச்சி பிறந்த வருஷம் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஆதார் 01-01-1931 என்கிறது. பழைய வாக்காளர் அட்டை, 1-1-1995 அன்று வயது 60 என்கிறது. வீட்டில் 94 என்கிறார்கள். ஜாதக நோட்டில் கட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, வருஷம் எழுதிய பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. அடுத்தது, ஆச்சி இருந்த இடத்தில் சிரிப்புச் சத்தம் ஓயாது, ஆனால் நீங்கள் எழுதிப் பார்த்த நாலு பக்கமும் இரங்கல் தீர்மானம் மாதிரி இருக்கிறது. கேள்வியாக முதலாவதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். உறுத்துவது இரண்டாவது என்று நீங்கள் எழுதிய விதத்திலேயே தெரிகிறது. பெரியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்வதிலும் குடும்ப மலர்களைத் தொகுப்பதிலும் உள்ள பழக்கத்தை வைத்து இரண்டுக்கும் சொல்கிறேன். வருஷத்தை முதலில் முடித்துவிடலாம், அது கணக்கு.

ஆதாரில் உள்ள ஜனவரி 1ஐப் பிறந்தநாள் என்று அச்சில் ஏற்றிவிடாதீர்கள். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாதவர்களிடம் வயதை மட்டும் கேட்டுப் பதிந்தபோது விழுந்த தேதி அது. அதிலுள்ள வருஷமும் அன்றைக்குப் பக்கத்தில் நின்ற மகனோ பேரனோ சொன்ன வயதைக் கழித்து வந்ததுதான். வாக்காளர் அட்டையின் 60ம் அப்படியே நம்பக்கூடிய எண் அல்ல. வயது தெரியாதவர்கள் 55, 60, 65 என்று ஐந்திலும் பத்திலும்தான் சொல்வார்கள். இரண்டு பக்கமும் மூன்று நான்கு வருஷம் இடம் விட வேண்டும். ஆனாலும் மூன்றில் அதற்குத்தான் மதிப்பு அதிகம். அது பழையது, ஆச்சி தெம்பாக நடமாடித் தானே வயதைச் சொல்லியிருக்கக்கூடிய காலத்தது. வீட்டில் சொல்லும் 94ஐக் கடைசியில் வையுங்கள். பெரியவர் படுத்த படுக்கையான பிறகு வயது ஒவ்வொருவர் வாயிலும் ஒன்றிரண்டு கூடும். அது பிரியத்தில் கூடுவது.

பிறப்புப் பதிவேட்டைத் தேடலாமா என்றால், தேடலாம். 1930களில் சென்னை மாகாணத்துக் கிராமங்களில் கிராம முன்சீப் என்ற ஊர் அதிகாரி பிறப்பு இறப்புக் கணக்கு எழுதினார். போகுமுன் மூன்று விஷயம் கையில் இருக்கட்டும். பழைய பதிவுகளில் பெரும்பாலும் குழந்தையின் பெயர் இருக்காது. தேதி, தகப்பன் பெயர், ஆணா பெண்ணா, அவ்வளவுதான். ஆச்சியின் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காது, ஆச்சியின் அப்பா பெயரைச் சொல்லித் தேட வேண்டும். அடுத்தது, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கும். உங்கள் ஆச்சி மூத்த பிள்ளை என்றால் அவர் வளர்ந்த ஊரில் அவருடைய பிறப்பு இருக்காது, அவருடைய அம்மா பிறந்த ஊரில் இருக்கும். தேடி ஏமாறுகிறவர்களில் பாதிப் பேர் தவறான ஊரில் தேடுகிறவர்கள். கடைசியாக, 1986 அக்டோபர் வரை கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பழைய ஆவணங்களில் ஜில்லா திருநெல்வேலி என்றுதான் இருக்கும். வேறு ஊரோ என்று குழம்ப வேண்டாம். எல்லாப் பதிவேடும் பிழைத்திருக்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்குள் குறுக்கிக்கொண்டு போனால்தான் அலுவலகத்தில் எடுத்துக் காட்டவே முன்வருவார்கள்.

அப்படிக் குறுக்குவதற்கு உங்கள் கையில் இருக்கும் ஜாதகக் கட்டம் போதும். பலன் எல்லாம் வேண்டாம், கணக்கு மட்டும். சூரியன் நிற்கும் ராசி தமிழ் மாதத்தைச் சொல்லிவிடும்: மேஷத்தில் இருந்தால் சித்திரை, மகரத்தில் இருந்தால் தை. குரு ஒரு ராசியில் ஏறத்தாழ ஒரு வருஷம் இருப்பார், சனி ஏறத்தாழ இரண்டரை வருஷம். இருவரும் கட்டத்தில் நிற்கும் அதே இடங்களில் மறுபடி ஒன்றாக வந்து நிற்கக் கிட்டத்தட்ட 60 வருஷம் ஆகும். நீங்கள் எழுதியபடி சூரியன் மகரம், சனி கும்பம், குரு விருச்சிகம் என்றால் அது யுவ வருஷம் தை மாதம், அதாவது 1936 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. அதே அமைப்பு அடுத்தது 1995இல்தான் வருகிறது, அப்போது ஆச்சிக்கு வாக்காளர் அட்டையே வந்துவிட்டது. சந்திரன் நிற்கும் ராசியையும் சேர்த்தால், சந்திரன் ஒரு ராசியில் இரண்டேகால் நாள்தான் இருப்பதால், அந்த மாதத்துக்குள் இரண்டு மூன்று நாளுக்குள் வந்துவிடும். நட்சத்திரமும் தெரிந்தால் அநேகமாக ஒரே நாள். பழைய வருஷத்துப் பஞ்சாங்கத்தைக் கணித்துத் தரும் செயலிகள் இருக்கின்றன, தெரிந்த ஜோதிடர் இருந்தால் அவரே பத்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

தவறு நேரும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். யுவ வருஷம் என்றதும் 1935 என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ் வருஷம் சித்திரையில், ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும். மார்கழியிலும் கடைசிப் பாதி அப்படித்தான். உங்கள் பக்கத்து ஜாதகங்களில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு, போட்டிருப்பார்கள். கரையான் விட்டுவைத்த ஓரத்தில் 1111 என்று நாலு இலக்கம் தென்பட்டால் அது கொல்லம்தான். ஆவணியில் தொடங்கி டிசம்பர் முடிய 824ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825ஐயும் கூட்டினால் ஆங்கில வருஷம். இன்னொன்று, வாக்கியம், திருக்கணிதம் என்று பஞ்சாங்கத்தில் இரண்டு கணிப்பு முறை உண்டு, இரண்டுக்கும் சனிப் பெயர்ச்சியில் சில மாதங்கள்கூட வித்தியாசம் வரும். கிரகம் ராசியின் ஓரத்தில் நின்றால் ஒரு வருஷம் முன்பின் ஆகலாம். நீங்கள் சொன்ன கட்டத்தில் சனி கும்பத்தின் நடுப்பகுதியில் வருவதால் அந்தச் சிக்கல் இல்லை. கட்டத்தைப் படியெடுத்தவர் தப்பாக எழுதியிருக்கலாம், அல்லது அது ஆச்சியின் ஜாதகமாகவே இல்லாமல் அவருடைய தங்கையின் ஜாதகமாக இருக்கலாம். இந்த இரண்டையும் கட்டத்தை வைத்து மட்டும் தீர்க்க முடியாது. வீட்டில் யாராவது 'ஆச்சி தை மாசத்துப் பிள்ளை' என்று கேட்டிருந்தால் அது தனிச் சாட்சி. வாக்காளர் அட்டையின் கணக்கும் 1935ஐ ஒட்டியே வருகிறது. ஆகவே '1936 தை மாதம், ஜாதகத்தின்படி' என்று மலரில் போடலாம். 'ஜாதகத்தின்படி' என்ற அந்த ஒரு சொல்லை விட்டுவிடாதீர்கள்.

மற்ற வருஷங்களுக்கெல்லாம் இத்தனை பாடு வேண்டாம். ஒரு பெரிய தாளில் ஆச்சியின் பிள்ளைகளைப் பிறந்த வரிசையில் எழுதி, அதையே முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். தன் வாழ்க்கையை வருஷத்தால் சொன்ன தலைமுறை அல்ல அது. 'மூத்தவனுக்குப் பால் மறக்கல, அப்பத்தான் இந்த வீட்டுக்கு வந்தோம்' என்றுதான் சொல்லியிருப்பார். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் தேதிகளை மட்டும் முழுக்க நம்ப வேண்டாம். சேர்க்கும் வயது வர வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் போட்ட தேதிகள் அதில் நிறைய. மொய் நோட்டு அப்படியல்ல. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஒவ்வொன்றுக்கும் தேதி, வந்தவர் பெயர், ஊர், தொகை எல்லாம் அன்றைக்கே எழுதியது. பரணில் கிடக்கும் மொய் நோட்டைப் போல நம்பகமான குடும்ப ஆவணம் வேறில்லை. ஆச்சியின் தாய்வீட்டு உறவுகள் யார் யார் என்பதையும் அதுவே சொல்லும். தாத்தாவின் அறுபதாம் கல்யாணப் பத்திரிகை இருந்தால், அது நடந்த தமிழ் வருஷமும் அவர் பிறந்த தமிழ் வருஷமும் ஒரே பெயர்தான். தாத்தா இறந்த வருஷம் மட்டும் தெரிந்து தேதி தெரியாவிட்டால், வருஷா வருஷம் கொடுக்கும் திவசத்தின் மாதம், பட்சம், திதி மூன்றையும் கேட்டுப் பஞ்சாங்கத்தில் பாருங்கள், நாள் கிடைத்துவிடும்.

பெரியவர்கள் சொல்லும் ஊர்ச் சம்பவங்களில் சில ஆணி மாதிரி, சில ஆடும். 'காமராசர் வந்தப்ப' என்பது ஆடும். அவர் பலமுறை வந்திருக்கிறார். எட்டயபுரத்தில் பாரதி மண்டபம் திறந்த கூட்டம் என்றால் அது 1947 அக்டோபர், ஒரே தடவைதான். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. தனுஷ்கோடி அழிந்த புயல் 1964 டிசம்பர் 22, 23. படி போய் லிட்டர் வந்தது, அணா போய்ப் பைசா வந்தது என்பவை வருஷக் கணக்கில் மெல்ல மாறியவை. கடையில் நயா பைசா புழங்கிய பிறகும் வீட்டில் நாலணா, எட்டணா என்றுதான் பேசினார்கள். இப்படி ஒரு ஆணி அடித்துவிட்டு, அதற்கு முன்னா பின்னா என்று மட்டும் கேளுங்கள். 'எந்த வருஷம்?' என்று கேட்டால் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள், அது உங்களைச் சந்தோஷப்படுத்தச் சொன்னது. 'பாப்பா பொறந்ததுக்கு முந்தியா, பெறகா?' என்றால் யோசித்துச் சரியாகச் சொல்வார்கள்.

இனி உங்களை உறுத்துகிற விஷயம். நாலு பக்கம் ஏன் தீர்மானம் போல வந்தது? நீங்கள் குறிப்பிட்ட வரிகளையே பாருங்கள்: 'அன்பும் பண்பும் நிறைந்தவர்', 'அனைவரையும் சிரிக்க வைப்பவர்', 'கடின உழைப்பாளி'. மூன்றும் உண்மையாக இருக்கும். ஆனால் அந்த வரிகளை எந்த ஆச்சிக்கும் போடலாம். 'சிரிக்க வைப்பவர்' என்று எழுதினால் படிக்கிறவர் சிரிக்க மாட்டார். அவர் சொன்னதை எழுதினால்தான் சிரிப்பார். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு என்ற பெயரில் நினைவு மலர் அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 'நூலகம்' (noolaham.org) என்ற இணையதளத்தில் அப்படிப்பட்ட மலர்கள் ஏராளமாக இருக்கின்றன, கட்டாயம் புரட்டிப் பாருங்கள். அவற்றின் வம்ச வரலாற்றுப் பக்கங்கள் பொக்கிஷம். புகழ்ப் பாக்களில் பெயரை மாற்றினால் வேறொருவருக்கும் பொருந்திவிடும். ஆனால் இடையிடையே, இன்ன கடையில் இன்னது வாங்குவார், இன்னாரோடு கோவிலுக்கு நடந்தே போவார் என்று யாரோ ஒரு பேத்தி எழுதிய அரைப் பக்கம் வரும். அந்த அரைப் பக்கத்தில்தான் ஆள் எழுந்து நிற்பார்.

அந்த அரைப் பக்கத்துக்கான சரக்கு உங்களிடம் மட்டும் இல்லை. ஆச்சியின் தங்கை, கொழுந்தன் மனைவி, நாத்தனார், அடுத்த வீட்டில் நாற்பது வருஷம் இருந்தவர் என்று நாலைந்து பேரைத் தேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். வயது மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள், தள்ளிப்போட வேண்டாம். காலைச் சாப்பாடு முடிந்த பிறகு ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் கேட்பதைவிட மூன்று நாள் போவதில் அதிகம் கிடைக்கும், இடையில் அவர்களே ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்து வைத்திருப்பார்கள். பதிவு செய்கிறேன் என்று சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். செல்போன் போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து ஒன்றரை அடிக்குள் வையுங்கள். வெறும் ஸ்டூலின் மேல் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தமெல்லாம் இடியாக விழும். மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் அதற்கு நேர்க்கீழே உட்காராதீர்கள். ஒரு நிமிஷம் பதிந்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். அன்றைக்கே மூன்று பிரதி எடுத்து, ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். நாள் குறிக்கும்போது இதைக் கணக்கில் வையுங்கள், வருஷத் திதிக்குள் முடியாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஆச்சி எப்படிப்பட்டவக?' என்று கேட்டால் 'தங்கமான மனுஷி' என்று பதில் வரும், பேச்சு அதோடு முடிந்தது. கண்ணுக்கும் கைக்கும் எட்டும் விஷயத்தைக் கேளுங்கள். காலையில எந்திரிச்சதும் முதல்ல என்ன செய்வாக? கைக்காசு எங்க ஒளிச்சு வச்சிருப்பாக, சுருக்குப் பையிலயா, அஞ்சறைப் பெட்டியிலயா, அரிசிப் பானைக்குள்ளயா? யாரோட பேச்சுவார்த்தை இல்லாம இருந்தாக, எதனால? எந்த வார்த்தையச் சொல்லித் திட்டுவாக? வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை 'உழைத்தார்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். எந்தத் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து சரக்கு வந்தது, யார் கொண்டுவந்து போட்டது, பசை எதில் காய்ச்சினார், ஒரு நாளைக்கு எத்தனை குரோஸ் ஒட்டுவார், குரோஸுக்கு என்ன கூலி, பிள்ளைகள் எந்த வேலையைச் செய்தார்கள், மழைக்காலத்தில் ஒட்டிய பெட்டி காயாவிட்டால் என்ன செய்தார்? ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அவர்கள் சொல்லும் எண்ணால் பெருக்கிப் பார்த்தால் அந்தக் கை ஒரு வருஷத்தில் எத்தனை பெட்டியைத் தொட்டது என்று தெரியும். அந்த ஒரு எண், 'கடின உழைப்பாளி' என்று எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிடும்.

ஆச்சியின் பேச்சை எழுதும்போது இலக்கணத் தமிழாக்கிவிடாதீர்கள். 'ஏட்டி, இங்க வா' என்பதை 'பெண்ணே, இங்கே வா' என்று மாற்றினால் அங்கே பேசுவது ஆச்சி அல்ல. சொலவடைகளைத் தனியாகப் பட்டியல் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. சொலவடை சம்பவத்தோடு வர வேண்டும்: யாருக்கு, எதற்காக, எந்த முகத்தோடு சொன்னார் என்பது சேர்ந்தால்தான் சிரிப்பு வரும். சொன்னவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள், யார் சொன்னது என்று பெயரோடு.

உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துக் காட்டத் தமிழில் தனி ஏற்பாடே இருக்கிறது. கண்ணால் பார்த்ததை 'போனாக' என்கிறோம், கேள்விப்பட்டதைப் 'போனாகளாம்' என்கிறோம். அந்த 'ஆம்' பெரிய விஷயம். பதிவைக் கேட்கும்போது எங்கெல்லாம் 'ஆம்' வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆச்சியின் தங்கை 'அக்கா கெணத்துல விழுந்த பிள்ளையத் தூக்குனா' என்றால் அவர் கரையில் நின்று பார்த்திருக்கிறார். 'தூக்குனாளாம்' என்றால் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். எழுதும்போது 'தூக்கினார்' என்று இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம், அங்கேதான் குடும்பக் கதைகள் கெடுகின்றன. மலரிலும் 'தூக்கினாராம்' என்றே இருக்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. பத்துப் பேர் ஒரே கதையைச் சொல்கிறார்கள் என்பதற்காகவும் அது உறுதியாகிவிடாது. பத்துப் பேரும் ஒரே பெரிய மாமா வாயிலிருந்து கேட்டிருந்தால் சாட்சி ஒன்றுதான். ஒவ்வொருவரிடமும் 'உங்களுக்கு இதை யார் சொன்னா?' என்று கேட்டுவிடுங்கள்.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். அந்தத் தலைமுறைப் பெண்களுக்குப் பிறந்தபோது இட்ட பெயர் ஒன்று, குலதெய்வத்தை ஒட்டிக் கூப்பிட்ட பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் ஏறிய பெயர் ஒன்று என்று இருக்கும். முன்னெழுத்து அப்பாவுடையதா கணவருடையதா என்பதும் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். எல்லாவற்றையும் முதல் பக்கத்திலேயே கொடுங்கள். மலர் முழுக்க 'ஆச்சி' என்றே வந்து, அவர் பெயர் அட்டையில் மட்டும் இருக்கும் மலர்கள் நிறைய உண்டு. கல்யாணத்துக்கு முந்தைய பகுதியில், அவர் இன்னும் யாருக்கும் ஆச்சி ஆகாத வயதில், பெயரைச் சொல்லியே எழுதுங்கள். அந்தச் சிறுபெண் தனியாகத் தெரிவாள்.

பிறந்து தங்காமல் போன பிள்ளைகளைப் பற்றிக் கேட்கத் தயங்குவீர்கள். மெதுவாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். 'பெத்தது ஒம்பது, நின்னது ஆறு' என்று சொல்லும் வீடுகளில் அந்த மூன்றும் எந்த ஆவணத்திலும் இருக்காது. அவற்றுக்கு இட்ட பெயர் தெரிந்தால் வம்ச வரிசையில் உரிய இடத்தில் எழுதுங்கள். சொல்ல வேண்டாம் என்று ஆச்சியின் மகள்கள் நினைத்தால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தக் கூடாது. சொத்துத் தகராறு, பேச்சு முறிந்த உறவு போன்றவற்றையும் பதிவில் வைத்திருங்கள், மலரில் வேண்டாம். உயிரோடு இருப்பவரைக் குறித்த எதையும் அவரிடம் காட்டாமல் அச்சிடாதீர்கள்.

இறப்பு வீட்டில் பாடிய ஒப்பாரியையும் சேர்க்க நினைக்கிறீர்கள். நல்ல யோசனை, ஏனென்றால் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பே அந்தப் பாட்டுக்குள் இருக்கும்: எந்த ஊரில் பிறந்தாள், அண்ணன் தம்பி என்ன சீர் செய்தார்கள், எந்த மகன் கடைசிவரை வரவில்லை என்பது வரை. ஆனால் சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல், பாட்டாக இல்லாமல் வார்த்தையாகச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். அல்லது வீட்டுக்கு வெளியே, தோட்டத்திலோ கோவில் மரத்தடியிலோ பாடச் சம்மதிப்பார்கள்.

புகைப்படங்களுக்கு வருவோம். பழைய படங்களில் ஆச்சியின் காதைப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் காது வளர்த்துப் பாம்படமோ தண்டட்டியோ போட்ட வழக்கம் அவர் பிறந்த காலத்தில் தேய்ந்துகொண்டிருந்தது. வளர்த்த காதைப் பலர் பிறகு அறுத்துத் தைத்துக் கம்மல் போட்டுக்கொண்டார்கள். ஒரு படத்தில் காது தோளைத் தொட்டுத் தொங்கி, இன்னொன்றில் கம்மலோடு இருந்தால் எது முந்தியது என்று சொல்லிவிடலாம். தைத்த தழும்பு கிட்டத்தில் பார்த்தால் கோடாகத் தெரியும். அதோடு நிற்காமல் கேளுங்கள்: காதைத் தைக்கச் சொன்னது யார், அந்தப் பாம்படத்துப் பொன் என்ன ஆனது, எந்த மகளின் கழுத்துக்குப் போனது? ஒரு காதுக்குள் ஒரு குடும்பத்தின் இருபது வருஷம் இருக்கும். படத்தின் பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரை, கையெழுத்து, நெற்றியில் பொட்டு இருக்கிறதா என்பவையும் காலத்தைச் சொல்லும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவே உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும்; கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். ஈரத் துணியால் துடைக்கவும் கூடாது. சின்னப் படத்தை 600 டிபிஐயில் எடுத்தால் இரண்டு மடங்கு பெரிதாக்கி அச்சிடலாம். உறவினர் அனுப்பும் படங்களை வாட்ஸப்பில் படமாக அனுப்பச் சொல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அச்சில் மங்கும். ஒவ்வொரு படத்துக்கும் இடமிருந்து வலமாகப் பெயர் வேண்டும். தெரியாத முகத்தை வெட்டிவிடாமல் 'பெயர் தெரியவில்லை' என்று போடுங்கள், யாராவது பார்த்துச் சொல்வார்கள்.

சமையல் குறிப்பு ஒன்று சேர்க்கப் போவதாகச் சொன்னீர்கள், உளுந்தங்களி. 'கைப்பிடி', 'ஒரு உழக்கு', 'கண்ணளவு' என்று அம்மா சொல்வதை அப்படியே எழுதினால் பேத்திகளால் கிண்ட முடியாது. அம்மாவையே செய்யச் சொல்லி, ஒவ்வொரு பொருளும் சட்டிக்குப் போகுமுன் தராசில் இறங்கட்டும். ஆச்சியின் உழக்கு வீட்டில் இருந்தால் தண்ணீர் நிரப்பி எத்தனை மில்லி என்று அளந்து எழுதுங்கள். படியும் உழக்கும் ஊருக்கு ஊர் மாறும். உத்தேசமாக, 200 கிராம் கறுப்பு உளுந்து, 50 கிராம் பச்சரிசி, 250 கிராம் கருப்பட்டி, 600 மில்லி தண்ணீர், 100 மில்லி நல்லெண்ணெய் என்று வரும். உளுந்தையும் அரிசியையும் வாசம் வர வறுத்து நைசாக அரைப்பது, கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டுவது, மாவைக் கொதிக்கும் பாகில் கொட்டிக் கட்டி தட்ட விடாமல் முதலில் ஆறிய பாகில் கரைத்துக்கொண்டு அடுப்பில் ஏற்றுவது, கையில் ஒட்டாமல் சுருண்டு எண்ணெய் கக்கும் வரை கிண்டுவது. உங்கள் வீட்டு அளவு இதிலிருந்து மாறினால் உங்கள் வீட்டுடையதுதான் சரி. கிண்டும்போது பதிவை ஓட விடுங்கள். அடுப்படியில் கை வேலையாக இருக்கும்போது வரும் பேச்சு கூடத்தில் உட்கார்ந்தால் வராது. இந்தக் களியை யார் யாருடைய சடங்குக்கு ஆச்சி கிண்டிக் கொடுத்தார் என்பதெல்லாம் தானாக வரும்.

எழுத்தின் வரிசையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பிறப்பில் தொடங்கி இறப்பில் முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆச்சியின் ஒரு முழு நாளைக் காலையிலிருந்து ராத்திரி வரை எழுதி, அதற்குள் பழசு வந்துபோனால் போதும். தேதிகளை எல்லாம் கடைசியில் ஒரு பக்கத்தில் வைத்துவிட்டால் உள்ளே கதை தடைப்படாது. கடைசி நோயையும் மருத்துவமனையையும் ஒரு பத்திக்குள் முடியுங்கள். அது உங்களுக்குச் சமீபம் என்பதால் பெரிதாகத் தெரிகிறது. தொண்ணூறு வருஷத்தில் அது சில வாரங்கள்.

அச்சுக்கு, ஏ5 அளவில் 32 அல்லது 48 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்; 16இன் மடங்காக இருந்தால் தாள் வீணாகாது. உள்ளே 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, படப் பக்கங்களுக்கு 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், அட்டைக்கு 300. நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சே மலிவு, ஐந்நூறைத் தாண்டினால் ஆஃப்செட். எழுத்து 13 புள்ளிக்குக் குறைய வேண்டாம், படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் எழுபது தாண்டியவர்கள். டிடிபி கடையில் யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், 'ஸ்ரீ' உடையும். பிடிஎஃபில் ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கடைசியில் இரண்டு வெற்றுப் பக்கம் விடச் சொல்லுங்கள், வீட்டுக்கு வீடு திருத்தம் எழுதிக்கொள்வார்கள்.

அச்சுக்குக் கொடுக்க ஒரு மாதம் இருக்கும்போதே முழுப் பிரதியையும் எடுத்துக்கொண்டு ஆச்சியின் தங்கை வீட்டுக்குப் போங்கள். கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். பாதி வாக்கியத்தில் 'அது அப்பிடி இல்ல' என்று நிறுத்துவார். அப்போது செல்போன் பதிவில் இருக்கட்டும்.